தாஉல் ஃபீல்: உப்பளக் கரையில் ஒரு பிள்ளைப்பருவ நோயின் வரலாறு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், புதுச்சேரியை அடையுமுன் மரக்காணத்தைக் கடக்கின்றனர். பாத்தி பாத்தியாக விரிந்த உப்பளங்களும், வரப்போரம் குவிந்து கிடக்கும் வெள்ளை உப்பும், அப்பால் கழுவெளி நீர்ப்பரப்பும் அவ்வூரின் அடையாளங்கள். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நூலில் உமணர் உப்பு வண்டிகளோடு வருகின்றனர். ஆக, இக்கரையில் உப்பும் உழைப்பும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு உறவுடையவை.

இக்கரைக்கு மற்றொரு பழைய உறவும் உண்டு. அது பெருமைக்குரியதன்று. சோழமண்டலக் கரையின் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த யானைக்கால் நோயைத்தான் குறிப்பிடுகிறோம். வீங்கிய காலோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் உருவமே இந்நோயைப் பற்றி நம் மனத்தில் பதிந்துள்ளது. எனவே இதனை முதுமையின் நோய் என்றே கருதி வந்துள்ளோம். உண்மை வேறு. இது பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில் உடலுள் புகுந்து, வாலிபத்தில் தலைகாட்டி, ஆயுள் முழுதும் உடன் வரும் நோய். ஆகவே இதன் வரலாறு பிள்ளைகளின் வரலாறும், அவர்களைப் பேணிய குடும்பங்களின் வரலாறும் ஆகும். அவ்வரலாற்றில் நம் அறிவு மரபுக்கு ஓர் இடம் உண்டு. அதனை நாம் மறந்ததற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம்.

இரு மொழிகள், ஒரே யானை

அரபு மருத்துவ நூல்கள் இந்நோயைத் 'தாஉல் ஃபீல்' என்று அழைத்தன. யானை நோய் என்பது பொருள். தமிழர் யானைக்கால் என்றனர். வீங்கித் தடித்து மடிப்பு விழுந்த காலைக் கண்ட இரு மக்களும் ஒரே விலங்கை நினைத்திருக்கின்றனர். ஆயினும் அரபு மருத்துவர் செய்த பணி பெயரிட்டதோடு நிற்கவில்லை. அதனைத் தொழுநோயிலிருந்து தெளிவாகப் பிரித்தும் வைத்தனர். தொழுநோய்க்கு அவர்கள் வழங்கிய பெயர் 'ஜுதாம்'.

இப்பிரிவின் அருமை கிரேக்க நூல்களோடு ஒப்பிட்டால் விளங்கும். கிரேக்க மருத்துவர் 'எலிஃபண்டியாசிஸ்' என்ற சொல்லைத் தொழுநோய்க்கே ஆண்டனர். அர்-ராஸீ (ஹி. 313 / கி.பி. 925), இப்னு ஸீனா (ஹி. 428 / கி.பி. 1037) முதலியோரின் நூல்களிலோ இவை வெவ்வேறு நோய்கள். இப்னு ஸீனாவின் 'அல்-கானூன்' தாஉல் ஃபீலை மூன்றாம் நூலில், காலின் நரம்புச் சுருட்டலை அடுத்து வைத்துப் பேசுகிறது. ஜுதாமை நான்காம் நூலில் தனியே பேசுகிறது. ஒன்று காலைப் பற்றிய நோய், மற்றொன்று உடல் முழுதையும் பற்றும் நோய் என்ற தெளிவு அந்த வைப்புமுறையிலேயே உள்ளது. நோயின் காரணத்தை அக்கால முறைப்படி உடலின் கெட்ட நீர்மங்களில் தேடியதில் அவர்களும் தம் காலத்தின் மக்களே. ஆனால் முற்றியபின் தீர்வது அரிது, தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும் என்ற அவர்களது அறிவுரை இன்றளவும் பொய்க்கவில்லை.

நூல் கற்றோர் மட்டுமே இந்நோயை அறிந்திருந்தனர் என்பதும் இல்லை. இப்னு பதூதா தம் பயண நூலில், தென் அரேபியாவின் ளஃபார் நகரத்து மக்களுள் ஆண், பெண் இருபாலாரிலும் பெரும்பாலோர் இரு பாதங்களும் வீங்கும் தாஉல் ஃபீலால் துன்புறுவதாகவும், ஆண்களுள் பலர்க்கு விரைவீக்கம் இருப்பதாகவும் எழுதியுள்ளார். விரைவீக்கமும் இதே நோயின் மற்றொரு முகம் என்பது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே மருத்துவத்தில் நிறுவப்பட்டது. ஒரு பயணியின் கூர்ந்த கண் இரண்டையும் ஒரே இடத்தில் பதிவு செய்துவிட்டது. அவர் பின்னர் மஅபர் என்னும் நம் கரைக்கும் வந்தார் என்பது வாசகர் அறிந்ததே.

பெயர் குழம்பியதால் விளைந்தவை

அரபு நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது சிக்கல் தொடங்கியது. ஜுதாம் 'லெப்ரா' ஆயிற்று. தாஉல் ஃபீல் 'எலிஃபண்டியாசிஸ்' ஆயிற்று. கிரேக்க நூல்களிலோ அதே எலிஃபண்டியாசிஸ் தொழுநோயைக் குறித்து நின்றது. ஒரு சொல்லுக்குள் இரு நோய்கள் புகுந்துகொண்டன. இக்குழப்பம் எவ்வளவு நீண்டதெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் தொழுநோயை 'எலிஃபண்டியாசிஸ் கிரீக்கோரம்', அதாவது கிரேக்கரின் யானை நோய் என்றும், கால் வீக்கத்தை 'எலிஃபண்டியாசிஸ் அராபம்', அதாவது அரபியரின் யானை நோய் என்றும் பிரித்தெழுத வேண்டியதாயிற்று. அரபியர் மீது சுமத்திய நோயாக அதனைக் கொள்ள வேண்டியதில்லை. அரபியர் செய்த வகைப்பாட்டுக்கு ஐரோப்பா காலந்தாழ்த்தித் தந்த ஒப்புதலாகவே கொள்ளலாம்.

நோயின் காரணம் தெரியாத இடத்தில் கதைகள் குடிபுகுகின்றன. போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கு வந்த பயணிகளிடையே ஒரு கதை வழங்கியது. மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்களே பருத்த காலோடு பிறக்கின்றனர் என்பது அக்கதை. டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியான தம் நூலில் இதனைக் குறித்துள்ளார். 'தோமாவின் கால்' என்ற பெயரும் நோய்க்கு ஏற்பட்டது. எச்சமயத்தாரிடமும் இத்தகைய கதைகள் உண்டு என்பதால் இதனை ஒரு சமயத்தின் குறையாகச் சொல்லவில்லை. இதிலுள்ள கருத்தே நம் கவனத்திற்குரியது. நோய் ஒருவரது காலில் இருக்கிறது. பழியோ வம்சத்தின் மேல் விழுகிறது. குடும்பத்தில் ஒருவர்க்கு வந்தால் அது அவ்வீட்டின் இரத்தத்தில் ஓடுவது என்ற எண்ணம் அண்மைக்காலம் வரை நம் ஊர்களிலும் இருந்தது. பெண் கேட்டு வருவோர் அவ்வீட்டுத் தாயின் காலை முதலில் நோக்கினர். மகளின் காலில் சிறு வீக்கம் கண்ட பெற்றோர் மருத்துவரிடம் செல்லாமல், கணுக்கால் மறையப் பாவாடையைத் தாழ்த்தித் தைத்தனர்.

இங்கே ஃபிக்ஹு நூல்களைச் சற்று நினைவுகூர்வது பொருந்தும். ஷாஃபிஈ மத்ஹபில் திருமணத்தை ஃபஸ்கு செய்வதற்குரிய குறைகளாக இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' முதலிய நூல்கள் எண்ணிச் சொல்பவை மிகச் சில. கணவன், மனைவி இருவர்க்கும் பொதுவானவை பித்து, ஜுதாம், வெண்குட்டம் ஆகிய மூன்றே. தாஉல் ஃபீல் அப்பட்டியலில் இல்லை. யானைக்காலும் தொழுநோயும் ஒன்றே என்று பாமரர் குழப்பிக்கொண்ட ஊர்களில், சட்டம் தராத ஒரு தண்டனையை வழக்கம் தந்துவிட்டது. அரபு மருத்துவர் பிரித்து வைத்ததை ஃபகீஹ்களும் பிரித்தே வைத்திருக்க, அந்நூல்களை ஓதிய நம் ஊர்களிலேயே அது கலந்துபோனது வருந்தத்தக்கது. தொழுநோயும் இன்று மருந்தினால் முற்றிலும் தீரக்கூடியதே என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். ஒரு நோயாளியின் மானத்தைக் காக்க மற்றொரு நோயாளியைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று.

இரவில் வரும் சாட்சி

உண்மைக் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாக வெளிப்பட்டது. 1872இல் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பாங்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், நோயுற்ற தம் தோட்டக்காரரின் இரத்தத்தைக் குடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்து, அவற்றினுள் அப்புழு வளர்வதை நிறுவினார். ஒரு நோயைப் பூச்சியொன்று சுமக்கிறது என்பது மருத்துவ உலகம் அன்று கேட்டிராத செய்தி. பின்னர் மலேரியாவின் வழியை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்ததற்கும் மேன்சனின் தூண்டுதலே காரணம்.

மேன்சன் கண்ட மற்றொன்று வியப்பிற்குரியது. இந்நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளில் ஒதுங்கி, நள்ளிரவை ஒட்டியே மேற்புற இரத்தத்தில் மிகுதியாகத் தோன்றுகின்றன. அவற்றைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. இதனால் நோயைக் கண்டறிய இரவில்தான் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இந்திய அரசு 1955இல் தேசிய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபின், ஊர் உறங்கும் வேளையில் ஊழியர் விளக்கோடு வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தனர். உறங்கும் பிள்ளையை எழுப்பி, நோயற்றதாகத் தோன்றும் அதன் விரலில் ஊசி குத்தத் தாய் இசைய வேண்டும். இரத்தத்தில் புழு இருந்தால் டை எதில் கார்பமசைன் என்னும் மாத்திரையைப் பன்னிரண்டு நாள் கொடுக்க வேண்டும். 1947இல் பயனுக்கு வந்த அம்மருந்து நுண்புழுக்களைக் கொல்லும்போது காய்ச்சலும் தலைவலியும் வருவதுண்டு. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மாத்திரைக்குப் பின் படுத்துக்கொள்வதைக் கண்ட பெற்றோர் பலர் மறுநாள் கொடுக்கத் தயங்கினர். அவர்களை அறியாமையுடையோர் என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. கண்ணுக்குத் தெரியாத, பதினைந்து ஆண்டுகட்குப் பின் வரக்கூடிய தீங்கிற்காக, இன்று கண்முன் வரும் காய்ச்சலை ஏற்கும்படி நாம் அவர்களைக் கேட்டோம்.

பிள்ளைப் பருவத்தின் பங்கு எத்தகையது என்பதை ஆலப்புழை அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆர்.கே. ஷெனாய் குழுவினர் நடத்திய ஆய்வுகள் 2007 முதல் வெளிப்படுத்தின. அப்பகுதியில் இருப்பது நம் கரைப் புழுவின் இனத்தைச் சார்ந்த மற்றொரு வகை. வெளியே எவ்வித வீக்கமும் இல்லாத சிறுவர் சிறுமியரின் கால்களிலேயே நிணநீர்க் குழாய்கள் பழுதுபட்டிருந்தன. அதைவிட முக்கியமானது அடுத்த முடிவு. தொடர்ந்து மருந்து பெற்ற பிள்ளைகள் பலரிடம் அப்பழுது குறைந்தது. முதியவரின் காலில் திரும்பாதது, பிள்ளையின் காலில் திரும்பக்கூடியது. 'தொடக்கத்திலேயே' என்று பழைய மருத்துவர் கூறிய சொல்லின் உண்மையான எல்லை குழந்தைப் பருவம் என்பது இப்போது தெரிகிறது.

வீட்டின் சுமை

உப்பளத் தொழில் இந்நோயைத் தருவதில்லை. செறிந்த உவர்நீர்ப் பாத்தியில் இக்கொசு பெருகுவதில்லை. வீட்டின் பின்புறத்துச் சாக்கடையிலும் மூடப்படாத கழிவுநீர்த் தொட்டியிலுமே பெருகுகிறது. ஆனால் நோயுற்ற காலுக்கு உப்பளம் கொடிது. உவர்நீரில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருவோரின் பாதத்தில் வெடிப்புகள் உண்டாகின்றன. நிணநீர் ஓட்டம் கெட்ட காலில் அவ்வெடிப்புகளின் வழியே கிருமிகள் புகுகின்றன. உடனே குளிர்காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து கனலுதல். சில நாள்களில் காய்ச்சல் தணியும். ஆனால் ஒவ்வொரு முறையும் வீக்கம் சிறிது மிஞ்சும்.

இத்தகைய காய்ச்சல் பதின்வயதுப் பிள்ளைக்கு வரும்போது வீட்டின் ஒழுங்கே மாறுகிறது. பள்ளிக்குச் செல்வது தடைப்படுகிறது. தாய் அளத்து வேலைக்குச் செல்லாமல் உடனிருக்க, அன்றைய கூலி போகிறது. புதுச்சேரியிலுள்ள ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கே.டி. ராமையா முதலியோர் 1990களில் தமிழகச் சிற்றூர்களில் இவ்வாறு இழக்கப்படும் வேலை நாள்களையும் மருத்துவச் செலவையும் வீடு வீடாகக் கணக்கிட்டனர். உயிரைப் பறிக்காத நோய் என்று அரசுகளால் பின்னுக்குத் தள்ளப்பட்ட ஒன்று, ஏழைக் குடும்பத்தின் வருவாயை ஆண்டுதோறும் அரித்துவந்ததை அக்கணக்குகள் காட்டின. கணக்கில் ஏறாத செலவும் உண்டு. அண்டை வீட்டாரின் கேள்விகள், மகளுக்கு வந்து திரும்பிய வரன்கள், காலை மடக்கி அத்தஹிய்யாத்தில் அமர இயலாமல் ஜமாஅத்திலிருந்து ஒதுங்கிய இளைஞனின் கூச்சம் ஆகியவற்றை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

நெடுநாள் நோயுற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு காரணம் தெரியாமல் தவிப்பது நம் கரைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் சிற்றூரில், 1975இல் தாய்மார் இருவர் தத்தம் பகுதியில் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வருவதைக் கவனித்துச் சுகாதாரத் துறையினரிடம் முறையிட்டனர். அவர்களுள் ஒருவரான பாலி மரே, தம் குடும்பத்தாரின் நோய்க்குறிகளைப் பல ஆண்டுகள் எழுதி வைத்தவர். அவர் கூறியதை மருத்துவர் பலர் நம்பவில்லை. 1977இல் வெளிவந்த முதல் ஆய்வில் 51 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுள் 39 பேர் பிள்ளைகள். உண்ணி கடிப்பதால் பரவும் அந்நோய் இன்று அவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது. அங்கு உண்ணி, இங்கு கொசு. இரண்டிடத்தும் கடித்தது சிற்றுயிர், கடிபட்டது பிள்ளை, பல்லாண்டு விழித்திருந்தது வீடு. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே தாய்மார் பிள்ளைகளை எண்ணிக் கணக்குச் சொன்னதால் நோய்க்குப் பெயர் கிடைத்தது. இங்கே பெயர் ஆயிரம் ஆண்டுகளாக இருந்தும், வெட்கத்தால் தாய்மார் பிள்ளைகளை மறைத்தனர், கணக்கு எடுபடவில்லை.

உப்பே மருந்தானது

மரக்காணத்திற்குத் தெற்கே புதுச்சேரியில் 1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய் பரப்பும் உயிரிகளுக்கான ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. 1981 முதல் 1985 வரை அந்நகரில் சாக்கடைகளைச் சீர்செய்தும் கொசு பெருகும் இடங்களை அழித்தும் நோய்ப்பரவலைக் குறைக்கும் பெருமுயற்சி நடந்தது. இதே காலத்தில் நம் கரைக்கு மிகவும் பொருத்தமான மற்றொரு முறையும் சோதிக்கப்பட்டது. அது உப்பு.

மாத்திரை விழுங்க மறுப்போரும் உப்பை மறுப்பதில்லை. ஆயிரம் பங்கு உப்பில் இரண்டு முதல் நான்கு பங்கு வரை மருந்தைக் கலந்தால், சமையலின் வெப்பத்தில் அது கெடுவதில்லை. நாள்தோறும் குடும்பம் முழுதும் சிறிது சிறிதாக உண்கிறது. காய்ச்சலும் பெரிதாக வருவதில்லை. 1967இல் பிரேசிலில் இதனை முதலில் சோதித்தவர்களுள் ஒருவர் ஆங்கில மருத்துவர் ஃபிராங்க் ஹாக்கிங். அறிவியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் தந்தை அவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 21 வயது மகனுக்குத் தீராத நரம்பு நோய் கண்டிருந்தது. தம் பிள்ளையின் நோய்க்கு மருந்தில்லாத ஒரு தந்தையின் உழைப்பு, பிறர் பிள்ளைகளின் நோய்க்குப் பயன்பட்டது.

இந்தியாவில் 1970களில் இலட்சத்தீவுகளிலும், 1982 முதல் காரைக்காலிலும் இம்மருந்து உப்பு வழங்கப்பட்டு, இரத்தத்தில் புழுவுடையோர் தொகை பெரிதும் குறைந்தது. சீனம் இதனையே தன் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாகக் கொண்டு 2007இல் நோயொழிந்த நாடாயிற்று. இந்தியாவில் இம்முறை நாடெங்கும் விரியவில்லை. மாறாக, ஆண்டுக்கொரு முறை அனைவர்க்கும் மாத்திரை தரும் திட்டம் 1990களில் தமிழகம் முதலிய மாநிலங்களில் தொடங்கி, 2004இல் நாடு தழுவியது. மாலத்தீவும் இலங்கையும் 2016இலும், எகிப்து 2017இலும், யமன் 2019இலும், பங்களாதேஷ் 2023இலும் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கியதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தமிழகத்திலும் நோய்ப்பகுதி மாவட்டங்களுள் பெரும்பாலானவற்றில் மதிப்பீட்டு ஆய்வுகளுக்குப் பின் பொது மருந்து வழங்கல் நிறுத்தப்பட்டது. அம்மதிப்பீட்டில் சோதிக்கப்படுவோர் முதியோர் அல்லர். ஆறு, ஏழு வயதுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் இரத்தம் தூயதாயின் நோய் ஓய்ந்தது என்பது பொருள். இந்நோய் பிள்ளைகளுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எஞ்சியுள்ள கடமை

புதிய பிள்ளைகளுக்கு நோய் வருவது குறைந்துவிட்டது. முன்னர்ப் பிள்ளைகளாயிருந்து நோயேற்றவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். முற்றிய நிலையிலுள்ளோர்க்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை வழங்குகிறது. அவர்களுக்கு வேண்டிய மருத்துவமோ மிக எளியது. நாள்தோறும் காலைச் சோப்பிட்டுத் தூய நீரால் கழுவுதல், விரலிடைகளை ஈரமின்றித் துடைத்தல், வெடிப்புகளுக்குக் களிம்பிடுதல், அமரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், பாதணி அணிதல் ஆகியவையே. இவற்றைத் தவறாது செய்வோர்க்குக் காய்ச்சல் வருவது பெரிதும் குறைகிறது. வீக்கமும் மேலும் வளராமல் நிற்கிறது.

உளூவில் கால் விரல்களைக் கோதிக் கழுவும் சுன்னத்தை நாம் அறிவோம். தம் காலைத் தாமே நாள்தோறும் பலமுறை நோக்கவும் தொடவும் கற்றுத்தந்த மார்க்கத்தார்க்கு இம்மருத்துவம் அயலானதன்று. எனினும் உளூவே மருத்துவமாகிவிடும் என்று கூறுவது மிகை. கழுவியபின் உலர்த்தாவிடில் விரலிடைப் புண் பெருகித் தீங்கே விளையும். பள்ளிவாசல்களில் உளூ செய்யுமிடத்தருகே தூய துணியும், முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் ஸஃப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியும் வைப்பது பெருஞ்செலவன்று. கால் மடங்காதவர் அமர்ந்து தொழலாம் என்ற சலுகையைக் கூச்சமின்றிப் பயன்படுத்த அவருக்கு இடம் தருவது ஜமாஅத்தின் பொறுப்பு.

அதனினும் பெரிய கடமை ஒன்று உண்டு. நிகாஹ் பேச்சில் ஒரு தாயின் காலைக் காட்டி மகளைத் தவிர்க்க எவரேனும் முற்பட்டால், இது பரம்பரையாக வருவதன்று, தொட்டால் ஒட்டுவதன்று, ஜுதாமும் அன்று என்று அவையில் எடுத்துரைக்க ஓர் ஆலிம் வேண்டும். அதற்கு வேண்டிய நூல்கள் நம் கையில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கின்றன. ஆலிமின் அந்த ஒரு சொல், அவ்வீட்டார் இதுகாறும் மறைத்துச் சுமந்ததில் ஒரு பாதியையேனும் இறக்கி வைக்கும்.